ஈரம் காயாத சுவர்

அத்தியாயம் பதினான்கு

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று வக்கீல் சொன்ன அந்தச் சேதி சின்னவளின் காதை விட்டுப் போகவே இல்லை. சலவைக்கூடத்தில் அத்தனை மெஷினும் சேர்ந்து இரைந்தபோதுகூட அதன் சத்தம்தான் மேலே கேட்டது.

"உங்க மேல ஒரு போன் போயிருக்கு. இது விசாவுக்காகப் பண்ணின கல்யாணம், இவங்க புருஷன் பொண்டாட்டியா வாழவே இல்லைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பேர் சொல்லலை. அதனால வீட்டைப் பார்க்க ஆள் வரும். சொல்லிட்டு வர மாட்டாங்க. நீங்க எப்பவும் போல இருங்க, அது போதும்."

எப்பவும் போல இருப்பது எப்படி என்று அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு மறந்து போயிற்று.

சலவைக்கூடத்து வேலைக்கென்று அவளுக்குக் கொடுத்த அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. அவள் புருஷன் பெயிண்டர். அவனுக்கு இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க உரிமை உண்டு. அவன் மனைவி என்ற முறையில் அவளுக்கும் விசா கேட்டிருந்தார்கள். கிடைத்தால் இருக்கலாம். இல்லையென்றால் விமானம்தான். அப்புறம் இந்த மண்ணில் கால் வைக்க விடுவார்களோ மாட்டார்களோ, யாருக்குத் தெரியும்?

யார் அந்தப் போனைச் செய்தது?

தெருவில் இருப்பவர்களுக்கு இவர்கள் முகமே சரியாகத் தெரியாது. விடியும் முன்னே அவள் கிளம்பிப் போனால் பகலில் வருவாள். அவன் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். சேர்ந்து நடந்து போனதை யாராவது பார்த்திருந்தால் அதுவே அதிசயம். வெளியாள் யாரும் இவர்களைப் பற்றிப் பேச அக்கறைப்பட மாட்டார்கள்.

அப்படியானால் உள்ளே இருக்கிற ஆள்.

உள்ளே இருப்பது அவள், பெயிண்டர், அவனுடைய அக்கா. வீடு அக்கா பெயரில் வாடகைக்கு எடுத்தது. அக்காவின் புருஷனுக்குக் கப்பலில் வேலை, கரையில் இருக்கிற நாளைவிடக் கடலில் இருக்கிற நாளே அதிகம். முன் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பேன்ட் சுருக்குவது, ஜிப் மாற்றுவது என்று நாத்தனார் நாளை ஓட்டினாள். ஆரம்பத்தில் நல்லபடியாகத்தான் இருந்தாள். "விசா வந்ததும் தனியா ஒரு வீடு பார்க்கலாம்னு இருக்கோம்க்கா" என்று தம்பி என்றைக்குச் சொன்னானோ, அன்றையிலிருந்து போன் வந்தால் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

சின்னவள் அதையெல்லாம் மனசுக்குள் மடித்து மடித்து அடுக்கி வைத்திருந்தாள்.

*

படியேறும்போதே வாசனை மூக்கில் ஏறிவிட்டது. புதுப் பெயிண்ட்.

எந்த வீட்டில் அடிக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். வாசனை சொந்த வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

நாத்தனார் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தடித்த துணி எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் திணறித் திணறி ஓடியது.

"வா, வா. உன் வீட்டுக்காரன் அடிக்கிற கூத்தைப் போய்ப் பாரு."

"வேலைக்குப் போகலையா அவரு?"

"என்னைக் கேட்டா? நான் யாரு இந்த வீட்டுல?"

அறைக்குள் பெயிண்டர் ஸ்டூலில் நின்றபடி கடைசி மூலையில் ரோலரை உருட்டிக்கொண்டிருந்தான். காதில், மூக்கு நுனியில், கண் இமையில்கூட வெள்ளைப் புள்ளி.

"என்னங்க இது?"

"எப்படி இருக்கு? பால் மாதிரி இல்ல?"

"லீவு போட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"சொன்னா விடுவியா?"

சின்னவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் இடம் மாறியிருந்தது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடந்த கட்டில் இப்போது ஜன்னலடியில். கட்டில் இருந்த இடத்தில் பீரோ நின்றது. அவள் பை மாட்டுகிற ஆணியைக் காணோம், ஆணி இருந்த ஓட்டையையும் காணோம்.

"வக்கீல் என்ன சொன்னாரு? எப்பவும் போல இருங்கன்னாரா இல்லையா?"

"எப்பவும் போல இருந்தா மானம் போயிடும் சின்னவளே! வர்றவங்க என்ன நினைப்பாங்க? பெயிண்டர்ங்கறான், சொந்த வீட்டுச் சுவரு எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு, இவன் சொல்றதுல எது நிஜம்னு கேக்க மாட்டாங்களா?"

எண்ணெய்ப் பிசுக்கு.

கட்டில் ஒட்டியிருந்த அந்தச் சுவரில் இரண்டு கறை இருந்தது. சாயங்காலம் அவன் வந்ததும் இரண்டு பேரும் கட்டிலில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு பொழுதுதான். அந்தத் தலைகள் இரண்டும் சாய்ந்து சாய்ந்து, மேலே ஒன்று, கொஞ்சம் கீழே ஒன்று என்று சுவர் கறுத்துப் போயிருந்தது. படுக்கும்போது அவள் நெற்றியிலிருந்து எடுக்கிற ஸ்டிக்கர் பொட்டெல்லாம் கீழே இருந்த கறையைச் சுற்றி ஒட்டியிருக்கும். காலையில் அதை எடுக்க மறந்து புதுசு ஒன்று வைத்துக்கொள்வாள். "சுவருக்கு அம்மை போட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாமா?" என்று அவன் கேலி செய்வான்.

அவனும் சளைத்தவனில்லை. எந்த வீட்டில் வேலை செய்தாலும் நீள அகலக் கணக்கு, போன் நம்பர் எல்லாவற்றையும் சுவரிலேயே பென்சிலால் கிறுக்குவான். மேலே பெயிண்ட் அடித்தால் போயிற்று. அந்தப் பழக்கம் சொந்த வீட்டிலும் விடவில்லை. "சுவர் என்ன உன் சிலேட்டா?" என்று நாத்தனார் கத்தாத வாரம் கிடையாது.

"அங்க இருந்த பொட்டெல்லாம்?" என்று கேட்டாள்.

"சுரண்டிட்டேன்."

"பீரோவுக்குப் பின்னாடி?"

"எல்லாம் அடிச்சாச்சு. அடிச்சு முடிக்கவும் பெயிண்ட் தீரவும் சரியா இருந்துச்சு." இதைச் சொல்லும்போது அவன் ரோலரைத்தான் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

அறை சுத்தமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஓட்டல் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்புகிறவள் அவள். யாரும் தங்காத ஓட்டல் அறை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்படித்தான் இருக்கும்.

"நேத்துக் காலையிலதான் குடி வந்த மாதிரி இருக்கு," என்றாள்.

"நல்லதுதானே?"

"நல்லதா? புதுசா ஜோடிச்சு வெச்ச மாதிரி இருக்குங்க! வர்ற ஆளு என்ன நினைக்கும்?"

அவன் ரோலரைப் பிடித்தபடி ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது போலிருந்தது. இல்லை, உறைத்தது மாதிரி நடிக்கிறானா?

சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே வைதுகொண்டு, வழியில் கிடந்த பெயிண்ட் டப்பாவை ஓரமாக வைக்கத் தூக்கினாள்.

கனத்தது. உள்ளே பாதிக்கு மேல் தளும்பியது.

"தீர்ந்து போச்சுன்னீங்க?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் மணி அடித்தது.

*

வந்தவள் ஒரு பெண். தட்டைச் செருப்பு, தோளில் துணிப்பை, கழுத்தில் அடையாள அட்டை. கையில் போனை விளக்கு மாதிரி முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். தன் பாஷையில் ஏதோ சொன்னாள். உடனே போனுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் தமிழில் வந்தது.

"வணக்கம். நான் குடிவரவு அலுவலகத்திலிருந்து வருகிறேன். நான் உங்கள் படுக்கையறையைப் பார்க்கலாமா?"

நாத்தனார் கத்தரியோடு எழுந்தாள். "யாருடி இந்த ஆம்பள? படுக்கையறையைப் பார்க்கணுமாமே!"

"அம்மா, நான் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி பேசுவதை நான் சொல்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் நான் அவரிடம் சொல்லியாக வேண்டும்."

"இதையுமா?"

"இதையும்தான்."

சொல்லவும் சொன்னான். அதிகாரியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு அந்த அசைவும் போய்விட்டது. பையிலிருந்து குறிப்பெழுதும் அட்டையை எடுத்தாள்.

முதலில் நாத்தனாரைத்தான் கேட்டாள். இவர்கள் உங்களுக்கு என்ன உறவு, எங்கே படுக்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுவார்களா என்று.

"இவன் என் தம்பி. இவ அவன் பொண்டாட்டி. படுக்கறது அந்த ரூம்லதான். நான் என்ன எட்டியா பார்த்தேன்?" என்றாள் நாத்தனார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சேர்ந்து வெளிய போய் நான் பார்த்ததில்லைங்க. இவ வர்றப்ப அவன் இருக்க மாட்டான், அவன் வர்றப்ப இவ பாதித் தூக்கத்துல இருப்பா."

போன் அதை அப்படியே பாஷை மாற்றிக் கொடுத்தது. பேனா ஓடியது.

சின்னவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் உண்மையை எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டினால் என்ன ஆகும் என்று தையல்காரிக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

அறைக்குள் நுழைந்ததும் அதிகாரி மூக்கை உறிஞ்சினாள். ஒரு விரலால் சுவரைத் தொட்டாள். விரல் நுனி வெள்ளையானது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்போது அடித்தது?"

"இன்னைக்கு," என்றான் பெயிண்டர். பீரோவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான்.

"நாங்கள் வருவோம் என்று தெரியுமா?"

"தெரியும். வக்கீல் சொன்னாரு."

"தெரிந்ததால் அடித்தீர்களா?"

ஆமாம் என்று சொன்னாலும் வம்பு, இல்லை என்று சொன்னாலும் வம்பு. பெயிண்டர் தொழிலுக்குள் ஓடி ஒளிந்தான். "சும்மா அடிக்கலைங்க. முதல்ல தேய்ச்சு, பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, அதுக்கு மேல…"

"ஐயா, கொஞ்சம் மெதுவாக. பட்டி என்றால் என்ன?" மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தச் சந்தேகத்தைக் கேட்டான்.

"சுவர்ல இருக்கற ஓட்டை, கீறல் எதுவும் வெளிய தெரியாம பூசி மறைக்கறது."

போன் மொழிபெயர்த்தது. அதிகாரி பெயிண்டரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதற்கு முன் சுவரில் என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்லைங்க. அழுக்குதான்."

சின்னவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். ஒண்ணும் இல்லையா?

அதிகாரி அவனை நகரச் சொல்லிப் பீரோவைத் திறந்தாள். ஒரு பக்கம் முழுக்க அவன் சட்டைகள். மறுபக்கம் தட்டெல்லாம் வெறுமையாகக் கிடந்தது.

"உங்கள் துணிகள் எங்கே?" கேள்வி சின்னவளுக்கு.

 குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். சக்கரம் வைத்த பயணப் பெட்டி. திறந்தால் உள்ளே புடவை, சுடிதார், உள்துணி எல்லாம் அச்சில் வார்த்தது போல மடித்து அடுக்கியிருந்தன.

"பயணப் பெட்டியிலா வைத்திருக்கிறீர்கள்?"

"பழக்கம்ங்க. முன்னாடி ஹாஸ்டல்ல இருந்தேன். பீரோல வெச்சா யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்க. பெட்டில பூட்டி வெச்சே பழகிடுச்சு."

"இங்கேயும் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறீர்களா?"

அவள் நாத்தனாரைப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. அதையும் அதிகாரி பார்த்தாள்.

அட்டையில் ஏதோ நீளமாக எழுதிக்கொண்டாள். அந்தப் பேனா ஓடிய வேகத்தில் சின்னவளுக்குத் தன் கதை முடிந்தது போலத் தோன்றியது. இன்றைக்கு அடித்த சுவர், வெறும் பீரோ, எந்த நிமிஷமும் கிளம்பத் தயாராக ஒரு பெட்டி. வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் இது நாடகம்தான். நானே பார்த்தால் நம்ப மாட்டேன்.

"இங்க ரெண்டு தலைக்கறை இருந்துச்சுங்க," என்றாள் அவசரமாக. "நாங்க சாய்ஞ்சு உட்கார்ற இடம். என் பொட்டெல்லாம் ஒட்டியிருந்துச்சு. நிஜமாத்தான் சொல்றேன்."

"அவை இப்போது எங்கே?"

"இவரு சுரண்டிட்டாரு."

அதிகாரி தலையை ஆட்டி, பேனாவை மூடினாள்.

பெயிண்டர் திரும்பவும் பீரோவில் சாய்ந்துகொண்டு நின்றான். திறக்க வழிவிட்டவன், மூடியதும் அதே இடத்துக்குத் திரும்பிவிட்டான். சின்னவளின் கண் அங்கே நின்றது. அதிகாரி வந்ததிலிருந்து இந்த ஆள் ஏன் பீரோவை விட்டு நகரவே இல்லை? பாதி டப்பா பெயிண்டை வைத்துக்கொண்டு ஏன் தீர்ந்து போச்சு என்றான்?

"பீரோவை நகர்த்துங்க," என்றாள்.

"எதுக்கு?"

"நகர்த்துங்கன்னா நகர்த்துங்க."

"பின்னாடி ஈரம். பீரோல ஒட்டிக்கும்."

"ஈரச் சுவர்ல பீரோவைச் சாத்தி வைக்கிற பெயிண்டர் நீங்க ஒருத்தர்தான்!"

அவன் முகத்தில் ரத்தம் செத்தது. "வேண்டாம், சின்னவளே. சொன்னா கேளு."

அவள் கேட்கவில்லை. ஈரத்துணி நிறைந்த தள்ளுவண்டியை நாள் முழுக்க இடுப்பால் முட்டித் தள்ளுகிறவள். பீரோவின் பக்கத்தில் இடுப்பை வைத்து ஒரு முட்டு முட்டினாள். அவள் நினைத்ததைவிட லேசாக அது நகர்ந்துவிட்டது. பாதி காலியல்லவா.

பின்னால் பழைய சுவர் இருந்தது.

பீரோ அகலத்துக்கு ஒரு துண்டு. டேப் ஒட்டி ஓரம் வெட்டி, கோடு பிசகாமல், சுற்றிலும் புது வெள்ளை அடித்து, நடுவில் அதை மட்டும் விட்டிருந்தான். மேலே ஒரு கறை, கீழே ஒரு கறை. கீழ்க் கறையைச் சுற்றிச் சிவப்பும் மெரூனும் கறுப்புமாக அத்தனை பொட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.



"ஹலோ? ஹலோ?" என்றது போன். "அங்கே என்ன நடக்கிறது? லைனில் இருக்கிறீர்களா?"

அதிகாரி சுவர் அருகே போனாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒரு பொட்டை நகத்தால் மெதுவாக நெம்பினாள். அதன் பசை காய்ந்து சுவரோடு ஒன்றாகிப் போயிருந்தது. பெயர்த்தால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும் போலிருந்தது. விட்டுவிட்டாள்.

"எந்தக் கறை யாருடையது?"

"மேல இருக்கறது அவரோடது," என்று சின்னவள் கை நீட்டிய அதே நேரத்தில், "கீழ இருக்கறது அவளோடது," என்று பெயிண்டரும் கை நீட்டினான்.

அதிகாரி படம் எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவதுக்குக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பொட்டுகளுக்குக் கீழே ஒரு இடத்தில் அவள் பார்வை நிலைத்தது. பிறகு பெயிண்டரைப் பார்த்தாள். பிறகு கதவோரம் நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். கடைசியாகச் சின்னவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதல் முறையாக ஒரு இரக்கம் இருந்தது. அது எதற்கென்று சின்னவளுக்கு அப்போது புரியவில்லை.

"நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்," என்றது போன். "முடிவு தபாலில் வரும். ஒரு வேண்டுகோள். இந்த இடத்தில் பெயிண்ட் அடிக்காதீர்கள். நான் மறுபடி வரலாம்."

வாசல் வரை போனவள் திரும்பி, போனில்லாமலே சின்னவளின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

*

"பொழைச்சோம்," என்றாள் நாத்தனார். உடனே போய் மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் ஓட்டவில்லை.

சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. இந்த ஆளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! என் பொட்டின் மேல் பெயிண்ட் அடிக்க மனசு வராமல் ஒளித்து வைத்தானே! அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பீரோவைக் காவல் காத்தானே!

அவன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. பீரோவைத் திரும்பத் தள்ளப் போனான்.

"இருங்க. எதுக்கு இப்ப அது?"

"இருக்கட்டும், இடத்துல வெச்சுடறேன்."

அந்த அவசரம்தான் அவளை எழுப்பியது. போய்க் குனிந்து பார்த்தாள், அதிகாரி பார்த்த அதே இடத்தில். பொட்டுகளுக்குக் கீழே பென்சில் கிறுக்கல். ஏதோ ஒரு வீட்டுச் சுவரின் நீளம், அகலம். அதற்குப் பக்கத்தில் ஒரு போன் நம்பர். ஏழுக்குக் குறுக்கே கோடு போட்டு எழுதுகிறவன் இந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான்.

"யார் நம்பர் இது?"

"ஏதோ கடை நம்பரு. பெயிண்ட் கடை."

அவள் தன் போனை எடுத்தாள்.

"எதுக்கு இப்ப? விடு. சின்னவளே, வேண்டாம்."

அழுத்திவிட்டாள். எதிர்முனையில் பதிவு செய்த குரல் அந்த நாட்டுப் பாஷையில் பேசியது, அப்புறம் வேறொன்றில், அப்புறம் தமிழில். குடிவரவு அலுவலகம். போலித் திருமணம் பற்றித் தகவல் தருவதற்கான எண் இது. உங்கள் பெயரை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

போனைக் கீழே இறக்கினாள். 

"எழுதினது நான்தான்," என்றான் அவன். "போன் பண்ணினது நானில்லை."

"எதுக்கு எழுதினீங்க?"

"சைட்ல என்கூட வேலை பாக்கற டைல்ஸ்காரன் தினமும் ஓட்டுவான். விசா கைக்கு வந்ததும் உன் ஆளு பறந்துடும்டா, பாத்துக்கோன்னு. ஒருநாள் அவனே இந்த நம்பரைக் குடுத்தான். நான் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பார்த்தா…" அவன் பெட்டியைக் காட்டினான். "பீரோல பாதி இடம் உனக்குன்னு விட்டேன். கல்யாணமான நாள்ல இருந்து காலியாக் கிடக்கு. எப்பப் பார்த்தாலும் நீ அந்தப் பெட்டியைப் பூட்டி வைக்கறே. நான் என்ன நினைக்கறது? எழுதினேன். அதுக்கு மேல கை போகலை. சத்தியமா."

அவள் பெட்டியைப் பார்த்தாள்.  

"சரி. போன் பண்ணலை. டப்பால பாதிப் பெயிண்ட் இருக்கு. இது மேல ஒரு இழுப்பு இழுத்திருந்தா ஜென்மத்துக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் இழுக்கலை?"

"இழுத்தா பொட்டும் போயிடும்."

"நம்பரை மட்டும் ரப்பரால அழிச்சிருக்கலாமே?"

 கண் அவனையறியாமல் வாசல் பக்கம் போயிற்று. முன் அறையின் பக்கம். அங்கே தையல் மெஷின் ஓசையில்லாமல் இருந்தது. ரொம்ப நேரமாக.

சின்னவள் அவன் கண் போன வழியைப் பார்த்தாள். இந்த அறையைப் பெருக்க வருவது யார்? சுவரில் கிறுக்குகிறாயே என்று வாராவாரம் வந்து நின்று கத்துவது யார்? இந்த நம்பர் அவள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? அக்காவைக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல், அதற்கு இருந்த ஒரே சாட்சியை அழிக்கவும் மனசில்லாமல் பீரோவுக்குப் பின்னால் தள்ளி வைத்தானா? இல்லை, அப்படி என்னை நினைக்க வைக்கத்தான் அந்தப் பக்கம் பார்க்கிறானா?

"உங்க அக்காவா?" என்றாள், தணிந்த குரலில்.

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"விசா வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"விசா வந்தா நான் பறந்துடுவேனே! அப்புறம் யார்கிட்ட பேசுவீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூக்கு நுனியில் அந்த வெள்ளைப் புள்ளி இன்னும் இருந்தது. வேறு நாளாக இருந்தால் முந்தானையால் துடைத்திருப்பாள்.

அவள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கி மூடியை அழுத்தி மூடினாள். ரோலரை எடுத்துக் கழுவப் போட்டாள். பிறகு ஜன்னலடிக்குப் போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க."

"எங்க?"

"பழைய இடத்துக்கு. சுவரை ஒட்டி."

"பீரோ?"

"பீரோ எங்கயோ போகட்டும். தினமும் எனக்கு அந்த நம்பரைப் பார்த்துக்கிட்டே படுக்கணும். யார் அதை அழிக்க வர்றாங்கன்னு பார்க்கணும்."

அவன் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேருமாகக் கட்டிலை இழுத்தார்கள். தரையில் அதன் கால் உரசிக்கொண்டு போயிற்று.

அந்தச் சத்தம் அடங்கியதும் முன் அறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. சின்னவள் காதைத் தீட்டிக் கேட்டாள். தடித்த துணியில் அது திணறும், மெல்லிய துணியில் வழுக்கும், இத்தனை மாதத்தில் அவளுக்கு எல்லாச் சத்தமும் அத்துப்படி.

இது வேறு. காய்ந்த, படபடத்த சத்தம். அடியில் துணியே வைக்காமல் நாத்தனார் வெறும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.